வீட்டிலேயே கையால் அலுமினியத் தகட்டில் கம்ப்யூட்டர் கேபினெட் செய்ய முடியுமா? காசு மிச்சமாகுமா?

முடியும். ஆனால் காசு மிச்சமாகாது. சென்னை ரிச்சி தெருவில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஓரளவு நல்ல கேபினெட்டே கிடைத்துவிடும். எனக்குத் தகடு, ஆங்கிள், ரிவெட், டிரில் பிட் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு ஆனது. உடைந்த பிட்டுகளும் அந்தக் கணக்கில்தான். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போனது தனி.

பின்னே ஏன் செய்தேன்? எங்கள் வீட்டில் டிவிக்குக் கீழே உள்ள ஷெல்ஃபின் உயரம் பதினாலு சென்டிமீட்டர். கடையில் இருப்பதெல்லாம் கோபுரம் மாதிரி நிற்பவை. படுக்கவைக்கிற சின்ன கேபினெட்டுகளும் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பாலும் எஸ்எஃப்எக்ஸ் என்ற குட்டி எஸ்எம்பிஎஸ்தான் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போகும். அது விலை அதிகம். என்னிடம் நல்ல சாதா எஸ்எம்பிஎஸ் ஒன்று சும்மா கிடந்தது. அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு இடுக்கு இருந்தால், கடையில் அந்த அளவு கிடைக்கவே இல்லை என்றால், தாராளமாக இறங்கலாம். மற்றபடி வாங்கிக்கொள்வதே மேல்.

அளவுகளுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துவதற்கான ஏடிஎக்ஸ் என்ற தர அளவை இன்டெல் 1995-இல் கொண்டுவந்தது. மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன மதர்போர்டு அளவு வியா நிறுவனத்திடமிருந்து 2001-இல் வந்தது. எந்த கம்பெனி போர்டாக இருந்தாலும் மினி ஐடிஎக்ஸ் என்றால் 170க்கு 170 மி.மீ. சாதா எஸ்எம்பிஎஸ் அகலம் 150, உயரம் 86. பின்பக்கம் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ எல்லாம் எட்டிப்பார்க்கிற ஜன்னல் 158.75க்கு 44.45. 80 மி.மீ. ஃபேனின் நான்கு திருகுத் துளைகளுக்கும் இடைவெளி 71.5. போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைத்து, முன்னால் ஒரு ஃபேனுக்கும் வயர்களுக்கும் இடம் விட்டேன். 340 அகலம், 240 ஆழம், 100 உயரம் வந்தது. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ரைசன் 5 5600ஜி பிராசசர், அதனுடன் வந்த கூலர், அவ்வளவுதான். முதலில் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் இதே அளவுக்கு ஒன்று செய்து, எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் வயர்கள் எவ்வளவு இடத்தைத் தின்னும் என்பது பேப்பரில் தெரியாது.

தகடு 1.5 மி.மீ. அலுமினியம். ஒரு மி.மீ. தகடு விரலால் அழுத்தினால் உள்ளே போகும், இரண்டு மி.மீ. கையால் மடிக்கும்போது உயிரை வாங்கும். ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) மலிவு, ஆனால் கனமும் அதிகம், துளை போடக் கையும் அதிகம் வலிக்கும். அலுமினியத்திலும் ரகம் உண்டு. 6061 டி6 என்ற கெட்டி ரகத்தைக் கூர்மையாக மடித்தால் மடிப்பிலேயே விரிசல் விடும். 5052 நன்றாக மடியும். கடைக்காரருக்கு நம்பர் தெரியவில்லை என்றால் ஒரு வெட்டுத் துண்டை வாங்கி வைஸில் மடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நீளமான வெட்டுகளை அங்கேயே மெஷினில் வெட்டி வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். ஹேக்ஸாவில் 340 மி.மீ. நேராக வெட்ட முயன்றால் சட்டம் தகட்டில் இடிக்கும்.

வடிவம் எளிது. அடித்தட்டு, முன்பக்கம், பின்பக்கம் மூன்றும் ஒரே தகட்டில் ப வடிவம். மேல்மூடியும் இரண்டு பக்கவாட்டும் இன்னொரு ப, கவிழ்த்து மூடுவது. ஆக நான்கே மடிப்பு.

மடிப்பதற்கு மெஷின் இல்லை. இரண்டு இரும்பு ஆங்கிள்களுக்கு நடுவே தகட்டைக் கொடுத்து, ஒரு முனையை வைஸிலும் மறுமுனையை சி கிளாம்பிலும் இறுக்கினேன். தகட்டின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, கொட்டாப்புளியால் அந்தக் கட்டையை அடிக்க வேண்டும். தகட்டை நேரடியாக அடித்தால் பள்ளம் விழும். ஒரே இடத்தில் முழுக்க மடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனால் ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கொஞ்சம் கொஞ்சமாக, மறுபடி திரும்பி வந்து, இப்படி ஏழெட்டு நடை. மூலைமட்டத்தில் சரியாக 90 காட்டியதும் நிறுத்தினால் கிளாம்பைக் கழற்றியதும் தகடு ஒன்றிரண்டு டிகிரி திரும்பிவிடும், அதனால் ஒரு துளி கூடுதலாகவே மடிக்க வேண்டும். கீழ்வீட்டு மாமி இரண்டு தடவை மேலே வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் மடிக்கிற வேலையைப் பகல் பதினோரு மணிக்கு மாற்றிக்கொண்டேன்.

மடிப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. 100, 240, 100 என்று கூட்டி 440 மி.மீ. தகடு வெட்டினால் மடித்தபின் பெட்டி பெரிதாக வரும். மடிப்பு வளைவாகத் திரும்புவதால் கொஞ்சம் நீளம் மிஞ்சுகிறது. எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, 100 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை நடுவில் மடித்து, இரண்டு கால்களையும் வெளிப்பக்கமாக வெர்னியரில் அளந்து கூட்டினேன். 102.6 வந்தது. அப்படியானால் ஒரு மடிப்புக்கு 2.6 மி.மீ. கழிக்க வேண்டும். உங்கள் தகடும் ஆங்கிளின் முனையும் வேறு என்றால் இந்த எண்ணும் மாறும், நீங்களே ஒரு துண்டை மடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் செய்த தப்பு. மினி ஐடிஎக்ஸ் போர்டில் நான்கு துளைகள். பார்க்கிறவர்கள் சதுரம் என்றுதான் நினைப்பார்கள். முன்பக்க இரண்டும் நேராக இருக்கும். பின்பக்கத்தில் ஒன்று மட்டும் மற்றதைவிட 22.86 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கும். பேப்பரில் அச்சடித்து, தகட்டில் ஒட்டி, அழகாக சென்டர் பஞ்ச் அடித்து, நான்கு துளையும் போட்டுவிட்டு மடித்தேன். எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டேன். பேப்பர் ஒட்டிய பக்கம் பெட்டிக்கு வெளியே போய்விட்டது. போர்டை உள்ளே வைத்தால் முன்பக்க இரண்டு துளைகள் கச்சிதம், பின்பக்க இரண்டும் இல்லை. கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாகிவிட்டது. அரைமணி நேரம் போர்டைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். அப்புறம் ஒரு டீ. அப்புறம் புதிதாக இரண்டு துளை. எஸ்எம்பிஎஸ் வலதுபக்கம் வர வேண்டியது இடதுபக்கம் வந்தது, பழைய இரண்டு துளைகளும் அடியில் அப்படியே இருக்கின்றன.

பட்டறைகளில் தகடு தட்டையாக இருக்கும்போதே துளை போட்டுவிட்டுத்தான் மடிப்பார்கள், மெஷினுக்கு அந்தத் துல்லியம் உண்டு. நம் கைக்கு இல்லை. முதலில் மடியுங்கள், பிறகு நிஜ போர்டையே உள்ளே வைத்துக் குறியுங்கள். ரிச்சி தெருவில் செத்துப்போன மினி ஐடிஎக்ஸ் போர்டு ஒன்று கிடைத்தால் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது, நல்ல போர்டை அலுமினியத் தூளுக்கு நடுவே கொண்டுவர வேண்டியதில்லை. பின்பக்க ஜன்னலையும் அப்படித்தான் குறித்தேன். மூலைகளில் துளை போட்டு, சின்ன ஹேக்ஸாவில் கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளே வெட்டி, மிச்சத்தை அரத்தால் ராவ வேண்டும். அலுமினியத் தூள் அரத்தின் பல்லில் அப்பிக்கொள்ளும், அப்புறம் அரம் வெறுமனே வழுக்கும். வேலைக்கு முன்னால் அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அப்பாது. டிரில் பிட்டுக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெய். ராவி ராவி, பின்பக்கத் தகரச் சட்டம் ஜன்னலில் டக்கென்று உட்கார்ந்த சத்தம் இருக்கிறதே, அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு இரண்டு பங்கு இறங்கியது.

மரை விஷயத்திலும் ஏமாறாதீர்கள். 1.5 மி.மீ. தகட்டில் நேராக டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரை எடுக்கலாம் என்று தோன்றும். கேபினெட் திருகுகளில் பாதி, அங்குலத்துக்கு 32 மரை உள்ள ரகம். அந்தக் கணக்கில் 1.5 மி.மீ.யில் இரண்டு மரைகூட முழுதாக விழாது, மூன்றாவது தடவை கழற்றி மாட்டும்போது வழுக்கிவிடும். போர்டுக்கு எம்3 (3 மி.மீ. திருகு) பித்தளை ஸ்பேசரை நட்டு போட்டு அடியில் முடுக்கினேன். மூடியைத் திருகும் இடத்தில் 3 மி.மீ. கனமுள்ள அரை இஞ்ச் ஆங்கிளை உள்ளே ரிவெட் அடித்து, அதில் 2.5 பிட்டால் துளைத்து எம்3 டேப் போட்டேன். ஆறு மரை பிடிக்கும்.

காற்றுக்கு, முன்பக்க ஃபேனும் பக்கவாட்டில் இரண்டு வரிசைத் துளைகளும் போதும் என்று முதலில் நினைத்தேன். மூடியில் ஒன்றும் போடவில்லை. ஒரு மணி நேரம் கேம் ஓடியதும் பிராசசர் 93 டிகிரி காட்டியது. 5600ஜிக்கு உச்ச வரம்பே 95. மூடியைத் திறந்து வைத்தால் சில நிமிடங்களில் இறங்கிவிட்டது. சரி, மூடியிலும் துளை போட்டே ஆக வேண்டும். ஸ்கேல் வைத்து வரிசை வரிசையாகப் புள்ளி குறித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பார்த்தார். “ஏன்டா நேர்ப்புள்ளி வைக்கிறே? இடுக்குப்புள்ளி வை, இன்னும் நெருக்கமா வரும்” என்றார்.

அம்மா சொன்னது கணக்குப்படியும் சரி. 8 மி.மீ. இடைவெளியில் 6 மி.மீ. துளைகளை நேர்ப்புள்ளியாகப் போட்டால் தகட்டில் 44 சதவீதம் திறக்கும். அதே இடைவெளியில் இடுக்குப்புள்ளி என்றால் 51 சதவீதம். கிராஃப் தாளில் அம்மாவே 15 புள்ளி, இடுக்கு 8 வைத்துக் கொடுத்தார். நடுவில் பதினைந்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து எட்டில் முடியும் அறுகோணம். மொத்தம் 169 புள்ளி, குறுக்களவு 118 மி.மீ. எஸ்எம்பிஎஸ் மேலே இருக்கிற 120 மி.மீ. ஃபேனுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. கூலருக்கு மேலே இன்னொன்று. ஆக 338 துளை. ஒவ்வொன்றுக்கும் பஞ்ச், 3 மி.மீ. துளை, அப்புறம் கூம்பு வடிவ ஸ்டெப் பிட்டில் 6 மி.மீ. மெல்லிய தகட்டில் சாதா பிட்டால் நேராக 6 மி.மீ. போட்டால் வட்டம் வராது, முக்கோணமாக இழுத்துவிடும். பின்னால் பெரிய பிட் ஒன்றைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பிசிறு எடுக்க வேண்டும். இரண்டு ஞாயிறு முழுக்க இதுதான். இப்போது அதே கேம் ஓடினால் எண்பதைத் தாண்டுவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுக் கோலத்தைத்தான் கேட்கிறார்கள். பெருமை அம்மாவுக்கு.

போர்டை மாட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். காந்தத்தால் தூளைப் பொறுக்கிவிடலாம் என்று பார்த்தால் அலுமினியம் காந்தத்துக்கு வராது. ஒரு சுருள் போர்டுக்கு அடியில் மாட்டினால் ஷார்ட்தான்.

கடைசியாக எர்த். இதைப் படிக்காமல் போய்விடாதீர்கள். எல்லாம் முடித்து ஷெல்ஃபில் வைத்து ஆன் செய்தேன். மூடியைத் தொட்டால் ஜிவ்வென்று எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. டெஸ்டர் வைத்தால் எரிந்தது. என் வயரிங்கில்தான் கோளாறு என்று பயந்து இரண்டு தடவை பிரித்தேன். கோளாறு சுவரில் இருந்தது. பிளக் பாயின்ட்டைக் கழற்றியதும் மூன்றாவது துளைக்கு வயரே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரும்பு உடம்புக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் போயிருக்கும். எர்த் இருந்தால் அந்தத் துளி கரண்ட் அதன் வழியே போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி முழுக்க லைன் வோல்டேஜில் சுமார் பாதி, அதாவது 115 வோல்ட் பக்கம் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் கூச்சத்தோடு நிற்கிறது. ஆனால் உள்ளே ஏதாவது வயர் உரசி முழு லைன் பெட்டிக்கு வந்தால் காப்பாற்ற எர்த் இருந்தே ஆக வேண்டும். எலக்ட்ரீசியனை வைத்து எர்த் இழுத்த பிறகுதான் மறுபடி ஆன் செய்தேன். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் எஸ்எம்பிஎஸ் உட்காரும் இடத்திலும் மூடித் திருகுகளுக்கு அடியிலும் சுரண்டிவிட்டு ஸ்டார் வாஷர் போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரில் அதன் எர்த் பின்னுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். நான் பெயின்ட் அடிக்கவில்லை, உப்புத்தாளில் ஒரே திசையில் தேய்த்து விட்டுவிட்டேன். கைரேகை விழும், துடைத்தால் போகும்.

பவர் பட்டனுக்கு காலிங் பெல் சுவிட்ச். அழுத்தும்போது மட்டும் தொட்டு விடுவதுதானே அதன் வேலையும். போர்டுக்கு அதுவே போதும், எந்த வயர் எந்தப் பின்னில் என்ற கவலையும் இல்லை.

தகட்டில் ஒரு துண்டு இன்னும் பரணில் மிச்சம் இருக்கிறது. கேஸ் அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் தெறிக்காமல் இருக்க ஒரு தடுப்பு வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறார். ஒரே மடிப்புதான். எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்று இந்தத் தடவை தகட்டின் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்துவிட்டேன்.