நீளமான வெப் பக்கத்தை ஒரே படமாக எடுக்க 1,500 ரூபாய் எதற்கு?

திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: "எக்ஸ்போர்ட் கம்பெனியின் ஆர்டர் விவரம், மெஷர்மென்ட் சார்ட் எல்லாம் அவர்கள் வெப்சைட்டில் ஒரே நீளப் பக்கமாக வருகிறது. துண்டு துண்டாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து பெயின்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் கடையில் 1,500 ரூபாய்க்கு சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். போடலாமா?"

வேண்டாங்க. உங்கள் பிரவுசரிலேயே இந்த வசதி இருக்கிறது. எட்ஜ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'ஃபுல் பேஜ்' என்று வரும் பட்டனைத் தட்டுங்கள். ஃபயர்பாக்ஸிலும் அதே மூன்று கீதான். குரோமில் கொஞ்சம் சுற்று வழி: எஃப்12 அழுத்தி, பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி, ஸ்கிரீன்ஷாட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் 'கேப்சர் ஃபுல் சைஸ்' வரும். எஃப்12 போட்டதும் வலப்பக்கம் ஒரு பட்டை திறந்து உங்கள் பக்கத்தை ஒடுக்கிவிடும். மூன்று புள்ளி மெனுவில் அதைக் கீழ்ப்பக்கம் மாற்றிய பிறகே எடுங்கள். இல்லாவிட்டால் சார்ட் மொபைலில் பார்ப்பதுபோல் மடங்கி வரும்.

எடுப்பதற்கு முன் பக்கத்தை அடிவரை மெதுவாக இறக்கி மேலே ஏற்றுங்கள். பல தளங்களில் படங்கள் நாம் இறங்கும்போதுதான் லோடு ஆகும். இறங்காமல் எடுத்தால் ஸ்டைல் படம் இருக்கும் இடம் வெள்ளையாக நிற்கும்.

இவ்வளவு செய்தும் சார்ட் பாதியில் அறுந்து வந்தால், திரையை உற்றுப் பாருங்கள். ஸ்குரோல் பட்டை இரண்டு இருக்கும்: ஒன்று விண்டோ ஓரத்தில், இன்னொன்று டேபிளுக்கு உள்ளே. பிரவுசர் வெளிப்பக்கத்தின் நீளத்தைத்தான் அளக்கும், உள்ளே ஓடும் பெட்டியை அளக்காது. முதலில் கன்ட்ரோலும் மைனஸும் அழுத்தி 50 சதவீதம் வரை சுருக்கிப் பாருங்கள். சில பெட்டிகள் திரைக்கேற்ப நீளும். உயரத்தைக் கட்டிப்போட்ட பெட்டி நீளாது. அதற்கு மட்டும் ஷேர்எக்ஸ் என்ற ஸ்கிரீன்ஷாட் சாஃப்ட்வேரைப் போடுங்கள். விண்டோஸில் ஓடும், முழுக்க இலவசம். கேப்சர் மெனுவில் 'ஸ்குரோலிங் கேப்சர்' எடுத்து, டேபிளின் உள்பகுதியை மட்டும் மவுஸால் வளையுங்கள். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று மேலே நகராமல் நிற்கும் தலைப்பு வரிசையை விட்டுவிடுங்கள். சேர்த்தால் ஒவ்வொரு துண்டிலும் அது திரும்பத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். அதைத் தனிப் படமாக எடுத்தால் போதும். டேபிள் பக்கவாட்டிலும் ஓடினால், அந்தப் பட்டை மறையும்வரை சுருக்கிவிட்டுப் பிறகு எடுங்கள். முடிந்ததும் படத்தின் கடைசி வரியையும் மொத்த பீஸ் எண்ணிக்கையையும் திரையோடு ஒத்துப் பாருங்கள். ஒரு சைஸ் விடுபட்டாலும் கட்டிங் போன பிறகு திருத்த முடியாது. ஒரு பிடிஎஃப் பட்டன் வைக்க அந்தத் தளம் செய்தவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வைக்க மாட்டார்கள், அவதி ஜாப் ஒர்க் செய்பவருக்குத்தான்.

இனி கடைக்காரர் விஷயம். பென்டிரைவில் 'ஃபுல் வெர்ஷன்' கொண்டுவந்து, "ஆன்டிவைரஸைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க" என்றால், அவர் போடுவது கிராக் செய்த காப்பி. அந்த நிமிடமே அனுப்பிவிடுங்கள். கூகுளில் தேடினால் முதலில் வரும் விளம்பர லிங்கும், பச்சை நிறத்தில் பெரிதாக மின்னும் டவுன்லோடு பட்டனும் இதே ரகம்தான். ஷேர்எக்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள்.

பிரவுசரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்ன புரோகிராமான எக்ஸ்டென்ஷன் பக்கமே போகாதீர்கள். 'எல்லா வெப்சைட்டிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்க, மாற்ற' என்று அனுமதி கேட்டால், பேங்க் பக்கமும் அதில் அடக்கம். 'வெப்பேஜ் ஸ்கிரீன்ஷாட்' என்ற குரோம் எக்ஸ்டென்ஷனைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கும் பக்கங்களின் விவரத்தை அது வெளியே அனுப்புவது 2015இல்தான் தெரியவந்தது. கூகுள் நீக்கியது, அதற்குள் போன தகவல் போனதுதான்.

ஷேர்எக்ஸிலும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். 'ஆஃப்டர் கேப்சர் டாஸ்க்ஸ்' மெனுவில் 'அப்லோடு இமேஜ்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். பையரின் டிசைன் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக் கூடாது. பிரின்ட் எடுக்க டிடிபி சென்டரில் லாகின் பாஸ்வேர்டு கொடுக்கும் பழக்கம் இருந்தால், இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

படத்தைப் பேட்டர்ன் மாஸ்டருக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போது கேலரியிலிருந்து அனுப்பாமல் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் வாட்ஸப் அதைச் சுருக்கிவிடும், 52.5 என்ற அளவில் புள்ளி தெரியாமல் போகும்.