ஸ்தான் எல்லாம் ஒண்ணா?

அன்புள்ள அக்கா,

மே மாசம் உஸ்பெகிஸ்தான் போறோம், சமர்கண்ட் ரெண்டு நாள், புகாரா ரெண்டு நாள். அஞ்சு ஸ்தான் நாடும் ஒரே மாதிரிதான், பாலைவனம், குதிரை, துருக்கி மொழி, ஒண்ணைப் பார்த்தா போதும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அப்படியா? நீலக் கலர் பில்டிங் தவிர வேற என்ன பார்க்கணும்?

கா., கோவை

அன்புள்ள தம்பி,

ஒண்ணே இல்ல. மொழியையே எடுத்துக்கோங்க, கஜக், கிர்கிஸ், உஸ்பெக், துர்க்மென் நாலும் துருக்கிக் குடும்பம், தஜிக் மட்டும் பாரசீகம். ஆனா நீங்க போற ரெண்டு ஊரும் உஸ்பெகிஸ்தான்ல இருந்தாலும் வீட்டுக்குள்ள தஜிக் பேசுறவங்க நெறைய இருக்கற ஊர். 1924ல சோவியத்காரங்க எல்லை பிரிச்சப்ப ரெண்டும் உஸ்பெக் பக்கம் போச்சு, 1929ல தஜிகிஸ்தான் தனிக் குடியரசு ஆனப்பவும் அங்கேயே நின்னுடுச்சு. எனக்கு இன்னைக்கும் இது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

ரெண்டு ஊரையும் சேர்த்து வச்சிருக்கறது ஒரே ஆறு, ஜராஃப்ஷான். தஜிகிஸ்தான் மலையில பொறந்து, சமர்கண்டைத் தொட்டு, புகாரா வயலுக்கெல்லாம் பிரிஞ்சு போய், அமு தர்யாங்கற பெரிய ஆத்தை எட்டுறதுக்கு முன்னாடியே மணல்ல முடிஞ்சிடும். அதனால பில்டிங்கை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க, தண்ணியைப் பாருங்க.

புகாராவுல லியாபி ஹவுஸ்னு ஒரு குளம், 1620ல கட்டினது. ஹவுஸ்னா அங்க வீடு இல்ல, குளம். சாயங்காலம் போங்க. நாலு பக்கமும் கல் படி தண்ணிக்குள்ள இறங்கும், ஓரமா வயசான முசுக்கட்டை மரங்க, சிலது பட்டுப்போய் வெறும் கட்டையா நிக்கும், அதுக்குக் கீழதான் ஜனங்க உட்கார்ந்து கிரீன் டீ குடிக்கறாங்க. ஒரு காலத்துல ஊர் பூரா இந்த மாதிரி ஹவுஸ், ஆத்துத் தண்ணி வாய்க்கால் வழியா வந்து இதுலதான் நிக்கும், தோல் பையில மொண்டு வீடு வீடா கொண்டுபோய் ஊத்துறதையே தொழிலா வச்சிருந்தவங்க இருந்தாங்க. அந்தத் தண்ணியாலயே நரம்புச் சிலந்தியும் பரவுச்சு, காலைப் பொத்துக்கிட்டு நூல் மாதிரி புழு வெளிய வரும், அதைக் குச்சியில சுத்திச் சுத்தி மெதுவா இழுப்பாங்க. சோவியத் காலத்துல முக்காவாசி குளத்தை வத்தடிச்சு மூடினதுக்கு அதுதான் காரணம். நோய் போனது பெரிய விஷயம், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல, ஆனா ஒரு ஊரோட முகமே அதோட போயிடுச்சு.

சமர்கண்ட்ல மூணு மதரஸா சுத்தி நிக்கற ரெகிஸ்தான் சதுக்கத்தை யாரும் சொல்லாமயே பார்ப்பீங்க. அதுல இடது கைப் பக்கம் இருக்கற உலுக் பெக் மதரஸா மட்டும் 1420ல முடிச்சது, மத்த ரெண்டும் இருநூறு வருஷம் கழிச்சு வந்தது. சமர்கண்ட் ரொட்டி வாங்குங்க, நடுவுல அச்சு குத்தி, கையில எடுத்தாலே கனமா இருக்கும்.

இன்னொண்ணு. தாஷ்கண்ட்ல இறங்கினதும் யார்கிட்டயாவது தண்ணிக்கு என்ன சொல்லுவீங்கன்னு கேளுங்க, 'சுவ்'னு சொல்லுவாங்க. சமர்கண்ட்ல தஜிக் பேசுற வீட்டுல கேட்டா 'ஓப்'. பஞ்சாப்ல வர்ற ஆப்பும் அதே வார்த்தைதான் தம்பி.

அன்புடன்,
அக்கா