பெயர்க் கேள்விகள்: இந்த முறை ‘ஆதன்’

பிள்ளைக்கு ஆதன் என்று பெயர் வைக்க நினைப்பவர்களும், வைத்துவிட்டுக் குழம்புகிறவர்களும் அனுப்பிய கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஆதன் என்றால் சூரியன் என்று ஓர் இணையதளம் சொல்கிறது; முதல்வன் என்று இன்னொன்று. எது சரி? – வாசகர், ஈரோடு

இரண்டும் இல்லை. சூரியன் என்ற பொருள் ஆதித்தனிலிருந்தும், முதல்வன் என்ற பொருள் ஆதியிலிருந்தும் இரவல் வந்தவை. எழுத்து ஒன்றுபோல் இருப்பதால் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

ஆதன் பழந்தமிழில் வெறும் இயற்பெயர். சாத்தன், கொற்றன், பூதன், கண்ணன் போல அன்றாடம் புழங்கிய ஆண் பெயர். தொல்காப்பியம் எழுத்ததிகாரம் புள்ளிமயங்கியலில் இதற்கென்றே ஒரு நூற்பா இருக்கிறது: ‘ஆதனும் பூதனும்’ என்று தொடங்கும். ஓர் இலக்கண நூல் தனி விதி எழுத வேண்டுமென்றால், அந்தப் பெயர் ஊரில் எவ்வளவு புழங்கியிருக்க வேண்டும்!

அந்த விதியைக் கொஞ்சம் விரித்தே பார்க்கலாம். அந்தக் காலத்தில் ஒருவரை ‘இன்னாருடைய தந்தை’ என்று மகன் பெயரால் சுட்டும் வழக்கம் உண்டு. சாத்தன் + தந்தை என்று சேரும்போது ‘சாத்தன்’ கடைசியில் உள்ள ‘அன்’ போகும், ‘தந்தை’ முதலில் உள்ள ‘த்’ போகும், மிஞ்சுவது சாத்தந்தை. இதே கணக்கில் ஆதன் + தந்தை ‘ஆதந்தை’ என்று நிற்க வேண்டும். ஆனால் ஆதனுக்கும் பூதனுக்கும் இன்னொரு படி உண்டு. நடுவில் நிற்கும் ‘த’வும் முழுதாகக் கெடும். ஆதந்தை, ஆந்தை ஆகிறது. பூதந்தை, பூந்தை ஆகிறது.

பிசிராந்தையாரின் பெயருக்கும் பறவைக்கும் சம்பந்தமில்லை என்று இப்போது புரிந்திருக்கும். பிசிர் என்ற ஊரில் வாழ்ந்த, ஆதனின் தந்தை அவர். ஐங்குறுநூற்றின் பாலைத்திணையைப் பாடிய ஓதலாந்தையாரும் அப்படித்தான். வகுப்பில் ‘ஆந்தை’ என்று சிரிக்கும் பிள்ளைகளிடம் இந்த ஒரு நூற்பாவைச் சொன்னால் போதும்.

அகராதியில் ஆதன் என்றால் ‘அறிவில்லாதவன்’ என்று போட்டிருக்கிறது. வைக்கலாமா? – வாசகர், தஞ்சாவூர்

போட்டிருப்பது உண்மைதான். ‘உயிர்’ என்ற பொருளும் அதே பக்கத்தில் இருக்கும், அதையும் பாருங்கள். தேவாரத்தில் ‘ஆதர்’ என்ற சொல் அறிவிலிகளைக் குறித்து வருகிறது; இழிபொருள் அந்தப் பக்கத்திலிருந்து வருவது. அது பக்தி இலக்கியக் காலத்து வழக்கு. பெயர்ச்சொல்லான ஆதன் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. தன் மகனை ‘முட்டாளே’ என்று கூப்பிட்டு அரியணையில் ஏற்றிய அரசன் எவனும் இல்லை. உதியஞ்சேரலாதன், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், செல்வக் கடுங்கோ வாழியாதன் என்று சேரர் வரிசையே இந்தப் பெயரில்தான் நடக்கிறது. அகராதியைப் பார்த்து ஒதுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் உறவினர் யாராவது அகராதியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இது சேரர் குடிப்பெயர்தானே? மதுரைப் பக்கத்துக்காரர்கள் வைப்பது பொருந்துமா? – வாசகர், மதுரை

தாராளமாகப் பொருந்தும். உங்கள் ஊருக்கு மேற்கே கொங்கர்புளியங்குளம் மலைக்குகையில் தமிழ்ப் பிராமி என்னும் பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டில் பாகனூர்ப் பேராதன் பிட்டன் என்ற பெயர் இருக்கிறது. குகையில் துறவிகளுக்குத் தங்க இடம் செய்ய உதவியவர்களில் ஒருவர், அரசர் அல்லர். வேங்கட நாட்டில் ஆதனுங்கன் என்ற தலைவன் இருந்தான். புறநானூறு 175 அவனைப் பாடியது. அகநானூறு 216இல் செல்லிக்கோமான் ஆதன் எழினி வருகிறான். புறநானூறு 71இல் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் தன் நண்பர்களை வரிசையாகச் சொல்லும்போது ஆந்தையும் வருகிறான், ஆதன் அழிசியும் வருகிறான்.

சேரருக்குச் சொந்தமான பெயர் என்ற எண்ணம் வரக் காரணம் உண்டு. கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையத்தை ஒட்டிய ஆறுநாட்டார்மலையில், புகளூர்க் கல்வெட்டு என்று பெயர்பெற்ற பொறிப்பில், ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’ என்று ஒரு சேர மன்னனின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. மகன் பெருங்கடுங்கோன், பேரன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையும் அதில் உண்டு. சேர அரசர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த பெரிய சான்று இது. அதனால் எல்லாரும் இதையே திரும்பத் திரும்பச் சொல்ல, மற்ற ஆதன்கள் மறைந்துபோனார்கள்.

கீழடியில் கிடைத்த 2600 ஆண்டுப் பழைய பெயர் என்று பத்திரிகையில் எழுதலாமா? அழைப்பிதழில் போட வேண்டும். – வாசகர், சிவகங்கை

அழைப்பிதழில் என்ன வேண்டுமானாலும் போடலாம். சரியாகப் போட வேண்டுமென்றால் கொஞ்சம் கவனம் தேவை. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள 56 பானை ஓடுகள் குறிப்பிடப்படுகின்றன. ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ என்ற பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. கி.மு. 580 என்ற காலம், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரிக்குக் கிடைத்தது. ஆதன் என்று எழுதிய ஓட்டையே ஆய்வகத்தில் வைத்துக் கணித்த காலம் அல்ல. ‘கீழடிப் பானை ஓட்டில் உள்ள பெயர்’ என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆண்டுக் கணக்கைவிட இந்த ஓடுகளில் கவனிக்க வேண்டியது வேறு. எழுத்து பெரும்பாலும் பானையின் கழுத்துக்குக் கீழே, தோள் பகுதியில் கீறப்பட்டிருக்கிறது. கையெழுத்து ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. ஒரே குயவர் உட்கார்ந்து எழுதித் தள்ளியதல்ல. பானை வைத்திருந்தவர்களே கீறியிருக்கிறார்கள் என்று கொள்ள இதுவே இடம் தருகிறது. அரண்மனையில் மட்டுமின்றி அடுப்படியிலும் இருந்த பெயர் இது.

இப்போது எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது? மிகவும் பரவிவிட்டதா? – வாசகர், சென்னை

அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்காவது வைத்த பெயர்களையெல்லாம் 1880 முதல் பட்டியலிட்டு வெளியிடுகிறது. இங்கிலாந்து–வேல்ஸ் பட்டியலில் மூன்று குழந்தைகள் போதும். இந்தியாவில் பிறப்புப் பதிவுகளிலிருந்து அப்படிப் பெயர்வாரியான பட்டியல் வெளிவருவதில்லை. ஆகவே ‘தமிழ்நாட்டில் 40ஆவது இடம்’ என்றெல்லாம் இணையத்தில் வருவதை நம்பாதீர்கள். வாக்காளர் பட்டியலில் தேடலாம் என்பார்கள். அதில் 18 வயது நிரம்பியவர்கள் மட்டுமே. 2019க்குப் பிறகு பெயர் வைத்த பிள்ளைகள் அதில் வர 2037க்கு மேல் ஆகும். நடைமுறை வழி ஒன்றுதான்: நீங்கள் சேர்க்க நினைக்கும் பள்ளியில் மழலை வகுப்பு வருகைப்பதிவைக் கேட்டுப் பாருங்கள். ஆதவன், ஆதிரன், ஆத்விக் என்று ‘ஆ’ வரிசை நிரம்பி வழியும். பெயர் அரிதாக இருந்தாலும் ஓசை அரிதல்ல. ஆசிரியர் கூப்பிடும்போது இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? பிறப்புச் சான்றிதழில் தவறாக வந்துவிட்டது. – வாசகர், கோயம்புத்தூர்

இதில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். தொடக்கத்தில் ‘ஏ’ இரண்டு முறை வர வேண்டும். ஒன்று மட்டும் போட்டால், தமிழுக்குத் திருப்பும் மென்பொருள் ‘அதன்’ என்று போட்டுவிடும். ஆதார் அட்டையில் தமிழ்ப் பெயர் இப்படித்தான் கெடுகிறது. மனிதப் பெயர் சுட்டுச்சொல்லாகிவிடும். அடுத்து ‘த’. உயிருக்கு நடுவில் வருவதால் மெலிந்து ஒலிக்கிறது. ‘டி’யும் ‘எச்’சும் சேர்ப்பது உச்சரிப்புக்கு நெருக்கம். ‘எச்’சை விட்டால் ஸ்பானிய மொழியில் ஆதாமைக் குறிக்கும் பெயருக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ‘டி’க்குப் பதில் ‘டீ’ (‘தமிழ்நாடு’ தொடங்கும் எழுத்து) போட்டு ‘எச்’ சேர்ப்பதும் தமிழ்நாட்டு வழக்கில் தவறில்லை. எதை எடுத்தாலும் எல்லா ஆவணத்திலும் அதையே எழுதுங்கள். எண்கணிதம் பார்த்துத் தொடக்கத்தில் மூன்றாவது ‘ஏ’ சேர்க்காதீர்கள்.

குழந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவில் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன். சான்றிதழ் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வரும். ஆகவே விண்ணப்பத்திலேயே இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். தட்டச்சு செய்பவரின் ஊகத்துக்கு விடாதீர்கள். அச்சாகும் முன் திரையில் பார்க்கக் கேளுங்கள். எழுத்துப் பிழையைப் பதிவாளரிடம் மனுக் கொடுத்துத் திருத்தலாம். மூலப் பதிவை அழிக்காமல் ஓரக்குறிப்பாகச் சேர்ப்பார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிச் சான்று இந்தச் சான்றிதழ்தான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒவ்வொரு இடத்திலும் தொல்லை.

கடவுச்சீட்டு எடுக்கும்போது முன்னெழுத்தை விரித்துத் தந்தை அல்லது தாய் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுங்கள். ‘ஆதன்’ மட்டும் நின்றால் ஒற்றைப் பெயர் ஆகிவிடும். அப்படிப்பட்ட கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது நினைவிருக்கலாம்.

ஆதன் குட்டையாக இருக்கிறது. முன்னால் ஏதாவது சேர்க்கலாமா? – வாசகர், திருச்சி

சேர்க்கலாம், புணர்ச்சி பார்த்துச் சேருங்கள். நல் + ஆதன் = நல்லாதன்; தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டும். திரிகடுகம் பாடியவர் நல்லாதனார். பெரு + ஆதன் = பேராதன். இள + ஆதன் = இளவாதன். சேரல் + ஆதன் என்னும்போது ‘ல்’ இரட்டாது, சேரலாதன்தான். ‘சேரல்லாதன்’ என்று எழுதினால் ‘சேர் அல்லாதவன்’ என்று படிப்பவர்களும் இருப்பார்கள். வாழியாதன் அழகான பெயர்; இன்று யாரும் வைப்பதாகத் தெரியவில்லை. ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்றே தொடங்குகின்றன.

யாழ்ப்பாணத்தில் ‘ஆதனவரி’ என்று பிள்ளையைக் கேலி செய்கிறார்கள். என்ன செய்வது? – வாசகி, யாழ்ப்பாணம்

உங்கள் பக்கம் ஆதனம் என்றால் சொத்து. வரி கட்ட வைக்கும் அளவுக்குச் சொத்துள்ள பிள்ளை என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் ‘ஆதி’ என்று சுருக்கிக் கூப்பிடாமல் இருந்தால் நல்லது. இரண்டே எழுத்தில் வேறு பெயராகிவிடுகிறது. ‘ஆதா’ என்பது இலக்கணப்படி சரியான விளி.