இந்தியாவில் இரண்டு வருடம்: மெடிகேரை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 68 வயது, கணவருக்கு 70. நியூஜெர்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டோம். மாமியாரைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருடம் கோயம்புத்தூரில் தங்கப் போகிறோம். அங்கே செல்லாத மெடிகேருக்கு (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) மாதாமாதம் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? ஏ, பி, சி, டி என்கிறார்களே, அதில் எதை, எப்படி நிறுத்துவது?
– வாசகி, எடிசன்

பதில்: இரண்டே வருடம்தான் என்றால் பார்ட் பி-யை நிறுத்தாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

பார்ட் ஏ ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்க்கும் செலவுக்கு. பத்து வருடம் மெடிகேர் வரி கட்டியவர்களுக்கு அதற்குப் பிரீமியமே இல்லை, அதனால் அதை நிறுத்தி உங்களுக்கு ஒரு டாலரும் மிச்சமாகாது. அதை விடுவதென்றால் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியப் பணத்தையும் விட்டு, வாங்கியதைத் திருப்பிக் கட்டவும் வேண்டும், வேண்டவே வேண்டாம். பார்ட் டி மருந்து மாத்திரைக்கு. பார்ட் சி என்பது ஏ-யையும் பி-யையும் சேர்த்துத் தனியார் கம்பெனி நடத்தும் அட்வான்டேஜ் திட்டம். சி, டி இரண்டும் நீங்கள் வசிக்கும் பகுதியை வைத்து இயங்குவதால், வெளிநாட்டில் குடியிருக்கும்போது அவற்றை வைத்துக்கொள்ள முடியாது, திரும்பி வந்ததும் சேர்வதற்குத் தனி அவகாசம் தருகிறார்கள்.

சிக்கல் பி-யில்தான். டாக்டர், ஸ்கேன், லேப் டெஸ்ட், டயாலிசிஸ் எல்லாம் அதில் வருகிறது. 2026-இல் சாதாரணப் பிரீமியம் ஆளுக்கு மாதம் 202.90 டாலர், இரண்டு வருடத்துக்கு ஏறக்குறைய 4,870. பெரிய தொகைதான். ஆனால் நிறுத்திவிட்டு மறுபடி சேரும்போது, விட்டுப்போன ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் அபராதம் ஏறும், அதுவும் பி இருக்கும் வரை போகாது. இரண்டு வருடத்துக்கு 20 சதவீதம், இன்றைய கணக்கில் மாதம் 40 டாலருக்கு மேல், பிரீமியம் கூடக் கூட அதுவும் கூடும். பத்து வருடத்தில் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறு. திரும்பச் சேர ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைதான் கதவு திறந்திருக்கும். ஏப்ரலில் ஏதாவது பெரிய நோய் என்று தெரிந்து அவசரமாகத் திரும்பி வந்தால், அடுத்த ஜனவரி முடியும் வரை பி இல்லாமல் கைக்காசில்தான் வைத்தியம். எழுபது வயதில் அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்.

உங்களில் ஒருவர் இன்னும் வேலையில் இருந்து அந்த கம்பெனி இன்சூரன்ஸ் இருந்திருந்தால் கதை வேறு, அபராதமும் வந்திருக்காது. ஓய்வுக்குப் பிறகு கம்பெனி தரும் காப்பீடோ, வேலையை விட்ட பின் கம்பெனி இன்சூரன்ஸைச் சொந்தப் பணத்தில் கொஞ்ச காலம் தொடரும் கோப்ராவோ அந்தக் கணக்கில் சேராது.

சரி, ஒருவேளை நிரந்தரமாகவே போவதாக முடிவெடுத்தால், சிஎம்எஸ் 1763 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு சோஷியல் செக்யூரிட்டி ஆபீசில் கொடுக்க வேண்டும். விளைவுகளை விளக்க அவர்கள் உங்களோடு பேசவும் செய்வார்கள். மனு கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசியோடு பி நின்றுவிடும். கொடுப்பதற்கு முன் மெடிகேர் பற்றி வழிகாட்டும் உங்கள் மாநிலத்தின் ஷிப் (SHIP) சேவை ஆலோசகரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.