சொல்லிக்கொண்டு கிளம்புவது எப்படி? படைக் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டுப் போஸ்டிங் ஆர்டர் கைக்கு வந்ததும் பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுவிடுகிறோம். நண்பர்களிடம் விடைபெறுவது மட்டும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. ராணுவ வீரரின் மனைவியாகப் பல இடங்களுக்கு மாறியவள் நான். உங்கள் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

பிரிவு விருந்தைக் கடைசி வாரத்தில் வைக்கலாமா?

வேண்டாம். கடைசி வாரத்தில் சாமான் கட்டுபவர்கள் வீட்டுக்குள் இருப்பார்கள், உட்கார நாற்காலிகூட மிஞ்சாது. மூன்று நான்கு வாரம் முன்னதாகவே வைத்துவிடுங்கள். கணவர் முன்னால் கிளம்பி, நீங்களும் பிள்ளைகளும் பிறகு போவதாக இருந்தால் அவர் இருக்கும்போதே வையுங்கள். அவருக்கும் நண்பர்கள் உண்டு. அப்புறம், எல்லோரையும் ஒரே கூட்டத்தில் பார்த்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். நெருங்கிய நாலைந்து பேரையாவது தனித்தனியாகப் பாருங்கள்.

ஆர்டர் வந்ததிலிருந்து என் நெருங்கிய தோழி சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை போடுகிறாள். ஏன்?

பிரிவு நெருங்கும்போது இது ரொம்பவே சகஜம். கோபித்துக்கொண்டு பிரிந்தால் வலி குறையும் என்று மனசு கணக்குப் போடுகிறது. உங்களை அறியாமல் நீங்களும் விலகத் தொடங்கியிருக்கலாம், அடுத்த மாதத் திட்டம் எதிலும் சேராமல். பிறநாடுகளில் வளரும் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த டேவிட் போலக், நல்லபடி கிளம்புவதற்கு நாலு வேலைகளைச் சொன்னார்: மனத்தாங்கலைத் தீர்ப்பது, நன்றி சொல்வது, விடைபெறுவது, போகும் இடத்தை நினைத்துப் பார்ப்பது. மனத்தாங்கலை முதலில் வைத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தீர்க்காமல் விமானம் ஏறினால் அது கூடவே வரும். "நீ என்மேல் கோபமா, நான் போவதில் வருத்தமா?" என்று நேராகவே கேளுங்கள். பெரும்பாலும் கேட்டதுமே அழுகை வந்துவிடும், அதற்குப் பிறகு பேசலாம்.

சின்னவனுக்கு ஐந்து வயது, ஒன்றும் புரியவில்லை. பத்து வயது மகள் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

சின்னவனுக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும். காலண்டரில் கிளம்பும் நாளை வட்டமிட்டு, தினமும் ஒரு கட்டத்தை அவனையே அடிக்கச் சொல்லுங்கள். வீடு காலியான பிறகு கையைப் பிடித்து அறை அறையாகக் கூட்டிப்போய், "ஜன்னலே, போய்ட்டு வரேன்" என்று சொல்ல வையுங்கள். தான் உயரம் அளந்து கோடு போட்ட சுவரைக் கட்டிக்கொண்டு நிற்கும் குழந்தையைப் பார்த்திருக்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

மகளிடம் "அங்கே புது ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் இழப்பது இந்தத் தோழியை. யாரை, எங்கே, எப்படிப் பார்த்துவிட்டுக் கிளம்புவது என்று அவளே முடிவு செய்யட்டும்.

நாயையும் கூட்டிப் போகலாமா?

நாட்டைப் பொறுத்தது. ஜப்பான் என்றால், வெறிநோய் இல்லாத நாடுகளாக அது ஏற்றுக்கொண்ட சில இடங்களைத் தவிர மற்ற இடங்களிலிருந்து போகும் நாய்க்கு மைக்ரோசிப், இரண்டு வெறிநோய்த் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்கவும் வேண்டும். ஆர்டர் வரும் என்று காதில் விழுந்ததுமே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். நண்பரிடம் விட்டுச் செல்வதாக முடிவானால் குழந்தைகளிடம் அதை மறைக்காதீர்கள்.

பிரிவு விருந்துப் படங்களைப் பொதுவில் போடலாமா?

போடலாம். ஆனால் படைப்பிரிவின் பெயர், விமானத் தேதி, போய்ச் சேரும் முகாம் எதுவும் வேண்டாம். சீருடையின் பெயர்ப்பட்டை, பெட்டியில் ஒட்டிய முகவரி இரண்டும் படத்தில் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான் கிளம்புபவள் இல்லை, இங்கேயே இருப்பவள். என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே நன்றி. இருப்பவர்களின் வருத்தத்தை யாரும் விசாரிப்பதில்லை. காலியான பக்கத்து வீட்டைத் தினமும் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். தோழி போய்ச் சேர்ந்த புதிதில் தற்காலிக வீடு, பள்ளி அலைச்சல் என்று இருப்பாள். பதில் வரவில்லையே என்று மறந்ததாக எடுத்துக்கொள்ளாமல் நீங்களே எழுதுங்கள். வாரத்தில் ஒரு நேரம் குறித்துப் பேசுவதானால், ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். தோழி இருப்பது அமெரிக்கப் படையினரின் ஏ.பி.ஓ., எஃப்.பி.ஓ. முகவரி (வெளிநாட்டிலுள்ள படையினருக்கான ராணுவத் தபால் முகவரி) என்றால் அமெரிக்காவிலிருந்து உள்நாட்டுத் தபால் கட்டணமே போதும். பார்சலுக்குப் பெரும்பாலும் சுங்கப் படிவம் கேட்பார்கள், அதனால் பிறந்தநாள் பரிசைச் சில வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.