சவுக்குத் தோப்பில் தங்கி மரம் வெட்டுகிறவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும்? மெஷினோடு ஒரு நாயையும் ஏன் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்?

வீட்டுக்கு எதிரே இருக்கும் சவுக்குத் தோப்பில் ஒரு செட்டு ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள், பகலெல்லாம் மெஷின் சத்தம், ராத்திரியில் நாய் குரைப்பு, இவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மரம் வெட்டுகிறவன் இல்லை. பண்ருட்டிப் பக்கம் மரம் அறுக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் வேலை செய்யும் செட்டுகளில் நிறைய பேர் என்னிடம் வருவார்கள். தோப்பிலேயே மெஷின் நின்றுவிட்டால் நானே பையைத் தூக்கிக்கொண்டு போவேன். அப்படிப் போய், அவர்கள் சோற்றைத் தின்று, பழகித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சவுக்கு நட்டு மூன்று, நாலு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும். ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஏக்கருக்கு நாலாயிரம் மரம் நிற்கும். தோப்பை வியாபாரி விலை பேசி வாங்குவார், வெட்டுவதற்கு மேஸ்திரியிடம் விடுவார். கூலி டன் கணக்கு. எடைமேடைச் சீட்டு வந்தால்தான் பணம். நேரான கழியெல்லாம் சாரம் கட்டுவதற்கும் பந்தலுக்கும் போகும். பெரும்பகுதி பட்டை உரித்துக் காகித ஆலைக்குப் போகும், கரூர் பக்கம் புகளூரில் இருக்கும் அரசு காகித ஆலையும் சவுக்கு வாங்குகிறது. மிலாரும், அதாவது சிறு கிளைகளும், வேர்க்கட்டையும் அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும். வீணாகப் போவது எதுவும் இல்லை.

ஒரு செட்டு என்பது பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே உறவு. மெஷின் பிடிப்பவர் மேஸ்திரியின் தம்பியாகவோ மச்சானாகவோ இருப்பார். கழிக்கிறவர்கள், அதாவது விழுந்த மரத்தில் கிளையை வெட்டுகிறவர்கள், அரிவாளோடு பின்னால் வருவார்கள். பட்டை உரிப்பதும் மிலார் கட்டுவதும் பெரும்பாலும் பெண்கள் கையில். ஈரம் காய்வதற்குள் உரித்தால்தான் பட்டை லகுவாக வரும், அதனால் வெட்டுகிற வேகத்துக்கு அவர்களும் ஓட வேண்டும். அப்புறம் சமையல், தண்ணீர் எடுப்பது, பிள்ளையைப் பார்ப்பது எல்லாம் அவர்கள் தலையில்தான். செட்டிலேயே அதிகம் உழைப்பது யார் என்று என்னைக் கேட்டால் பட்டை உரிக்கும் பெண்கள் என்றுதான் சொல்வேன். கூலி பிரிக்கும்போது அது தெரிவதில்லை.

தங்குவது தார்ப்பாய்க் கொட்டகை. அடுப்பு ஒன்று, உலை ஒன்று. யாரும் தனியாகச் சமைத்து நான் பார்த்ததில்லை. காலையில் சண்டை போட்டவர்கள்கூட மத்தியானம் ஒரே குண்டானிலிருந்துதான் சாப்பிடுவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. மரம் சாயும்போது கயிறு இழுக்கிறவனை நம்பித்தான் மெஷின்காரர் அடியில் நிற்கிறார். அவர் காதில் மெஷின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் விழாது. கயிற்றுக்காரன் ஒரு நொடி வேறு பக்கம் பார்த்தால் போச்சு. மனத்தாங்கலை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்க முடியாது. "ராத்திரிக்குள்ள பேசித் தீத்துக்கணும் தம்பி, காலைல மெஷின எடுக்கணும்ல" என்று ஒரு மேஸ்திரி என்னிடம் சொன்னார். இவர்கள் வாழ்க்கையில் பாதி இந்தப் பேச்சில் இருக்கிறது.

சரி, மெஷினுக்கு வருகிறேன். ரம்பமும் கோடாலியும் இருந்த காலத்தில் பெரிய மரத்துக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்து அறுப்பார்களாம். இப்போது ஐந்தாறு கிலோ எடையுள்ள பெட்ரோல் மெஷின் அதைச் சில நிமிஷத்தில் முடித்துவிடுகிறது. மரத்தை அறுக்கும் பல் வைத்த செயின் ஓடும் வேகம் மணிக்கு சுமார் 70 கிலோமீட்டர். மெஷின்காரர்கள் அதைக் கருவியாக நினைப்பதில்லை, கூட வேலை செய்கிற ஆளாகத்தான் பேசுவார்கள். "இவன் காலைல கொஞ்சம் முரண்டு பிடிப்பான், சூடாயிட்டா சரியாயிடுவான்" என்பார்கள். என் கடைக்குக் கொண்டுவந்தால் கழற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார்கள். டீ குடிக்கக்கூட நகர மாட்டார்கள்.

வருகிற பழுதில் முக்கால்வாசி ஆயில் கலவையால் வருவது. இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது, பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். மெஷின் கம்பெனி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, சாதா 2டி ஆயில் என்றால் 40 மில்லி. அவசரத்தில் யாராவது வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் பக்கவாட்டில் நெடுகக் கீறல் கீறலாக இருக்கும், விரலை வைத்தாலே சொரசொரக்கும். அதைக் காட்டும்போது மெஷின்காரர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். சிலிண்டரோடு மாற்ற வேண்டும், அது அவருக்குப் பல நாள் கூலி.

அந்த நேரத்தில்தான் இவர்களுக்குள் இருக்கும் ஒட்டுறவு தெரியும். ஒரு செட்டின் மெஷின் படுத்துவிட்டது என்று தெரிந்தால் பக்கத்துத் தோப்புச் செட்டு தன்னிடம் இருக்கும் இரண்டாவது மெஷினைக் கொடுத்துவிடும். வாடகை கிடையாது. பெட்ரோல் இவர்களுடையது, திருப்பிக் கொடுக்கும்போது செயினைத் தீட்டிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. வேலைக்குப் போட்டி போடுகிற செட்டுகள்கூட இதில் மாறாது. செயினை மொட்டையாகத் திருப்பிக் கொடுத்த ஒரு மேஸ்திரியைப் பற்றி என் கடையில் எத்தனையோ மாதம் பேசினார்கள்.

செயினைத் தீட்ட அரம் போடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உருண்டை அரத்தை ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே சாய்வில், ஒரே எண்ணிக்கையில், உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். ஒரு பக்கப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் போனால் அறுப்பு கோணலாக இழுக்கும். நன்றாகத் தீட்டிய செயின் மரத்திலிருந்து சீவல் சீவலாகத் தள்ளும், மழுங்கினால் மாவாகக் கொட்டும். பழைய ஆட்கள் மெஷினைப் பார்க்கவே மாட்டார்கள், தரையில் விழுந்த தூளை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு "நிறுத்துடா, அரம் போடு" என்பார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொழிலின் அருமை தெரிந்தது புயலில்தான். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகப் படுத்துவிட்டன. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. எங்கள் பக்கத்திலிருந்து சில செட்டுகள் டாடா ஏஸ் பிடித்து அங்கே போனார்கள், நானும் அரமும் பிளக்கும் எடுத்துக்கொண்டு கூடப் போனேன். நின்ற மரத்தை வெட்டுவது ஒன்று, விழுந்த மரத்தை வெட்டுவது வேறு. வேரோடு சாய்ந்த மரம் வில்லாக வளைந்து கிடக்கும். இறுகி நிற்கும் பக்கத்தில் அறுத்தால் அறுப்பு வாய் மூடி செயினைக் கவ்விக்கொள்ளும், விரிந்து நிற்கும் பக்கத்தில் அறுத்தால் பிளந்து எகிறும். அடிமரத்தை அறுத்துவிட்ட பிறகு வேர்மண் கட்டி சட்டென்று பழைய குழிக்குள்ளேயே திரும்பி உட்காரும், அந்தக் குழியில் ஆள் நின்றால் என்ன ஆவது? அதனால் முதலில் பிள்ளைகளை எல்லாம் விரட்டிவிட்டுத்தான் மெஷினை எடுப்பார்கள். தென்னை நாரும் அதில் ஏறியிருந்த மண்ணும் செயினைத் தின்றுவிடும். கரண்ட் இல்லாத ராத்திரிகளில் செல்போன் வெளிச்சத்தில் அரம் போட்டோம். தோப்பு போன வீட்டுக்காரர்கள் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார்கள். பிள்ளையாக வளர்த்த மரத்தைத் துண்டு போடும்போது பக்கத்தில் நின்று அழுத பெரியவர்களிடம் செட்டு ஆட்கள் கூலியைக் குறைத்துத்தான் வாங்கினார்கள். நான் கண்ணால் பார்த்தது.

நாய்க்கு வருவோம். சாதி நாய் எதுவும் இல்லை, எங்கேயோ வழியில் ஒட்டிக்கொண்ட நாட்டு நாய்தான். ஆனால் ஒரு செட்டின் சொத்து முழுவதும் ராத்திரியில் அதை நம்பித்தான் கிடக்கிறது. தோப்புக்குக் கதவா, பூட்டா? மெஷின், பெட்ரோல் கேன், கயிறு எல்லாம் ஒரு சாக்கில் கட்டி கொட்டகை ஓரத்தில் கிடக்கும், நாய் அந்தச் சாக்கின்மேல் படுத்துக்கொள்ளும். ஒரு செட்டில் செவலை என்று ஒரு பெட்டை நாய். நான் போனால் வாலாட்டும், கையை நக்கும். ஆனால் மெஷினை நான் தூக்கியதும் பல்லைக் காட்டி உறுமிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். மேஸ்திரி வீட்டு அக்கா அடுப்படியிலிருந்து "ஏய், அண்ணன்தான்டி, விடு" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் நகரும். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்.

இன்னொரு வேலையும் உண்டு. சவுக்குச் சருகு மெத்தையாகக் கிடக்கும், அதில் கண்ணாடி விரியன் சுருண்டிருந்தால் மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. மிலார் கட்டைத் தூக்கக் கை வைக்கும் பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நாய் பாம்பைக் கண்டால் குரைப்பே வேறு மாதிரி இருக்கும். கிட்டே போகாது, முன்னும் பின்னும் குதித்துக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் குரைக்கும். அந்தக் குரல் கேட்டதும் எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள். ஆளைப் பார்த்துக் குரைப்பதற்கும் பாம்பைப் பார்த்துக் குரைப்பதற்கும் வித்தியாசம் செட்டில் இருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மரம் வெட்டும் நேரத்தில் நாயைக் கட்டித்தான் வைப்பார்கள், டிராக்டர் டிரெய்லரில். அவிழ்த்துவிட்டால் எஜமானைத் தேடி மரத்தடிக்கே ஓடிவரும். செவலை ஒரு தடவை அடுக்கி வைத்த கட்டைகளுக்கு அடியில் குட்டி போட்டுவிட்டது. லாரி வந்து நிற்கிறது. மேஸ்திரி அந்த ஒரு அடுக்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஏற்றச் சொன்னார். வியாபாரிக்கு லோடு குறைகிறதே என்று கோபம். "கண்ணு தொறக்கட்டும் மொதலாளி, அடுத்த நடையில ஏத்திடலாம்" என்றார் மேஸ்திரி. வியாபாரியும் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். குட்டிகளை வேறு செட்டுகள் எடுத்துக்கொண்டன. எங்கள் பக்கம் இன்று எந்தத் தோப்புக்குப் போனாலும் செவலை நிறத்தில் ஒன்றைப் பார்க்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஏதோ சந்தோஷமான காட்டு வாழ்க்கை என்று நினைத்துவிடாதீர்கள். தலைக்கவசமும் காது மூடியும் போட்டு மெஷின் பிடிப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். வருஷக்கணக்கில் மெஷின் பிடித்தவர்களுக்குக் காது மந்தமாகிறது, விரல் நுனி மரத்துப் போகிறது. பிள்ளைகள் படிப்பு தோப்புக்குத் தோப்பு அறுந்துகொண்டே போகிறது. எல்லாவற்றையும்விடப் பெரியது முன்பணம். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாங்கிய பணத்தை வேலை செய்து கழிப்பது என்று ஆரம்பிக்கும். நியாயமான மேஸ்திரியிடம் அது கழிந்துவிடும். நியாயமில்லாத இடத்தில் கணக்கு ஏறிக்கொண்டே போகும், ஆள் வெளியே போக முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகளாக மீட்டார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். இருளர் குடும்பங்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள். என் கடைக்கு வருகிற நல்ல செட்டுகளை வைத்து இந்தத் தொழில் முழுவதற்கும் நற்சான்று கொடுக்க எனக்கு மனம் வராது.

உங்கள் எதிர்த் தோப்பில் இருப்பவர்களோடு பழக வேண்டுமென்றால் சாயங்காலம் மெஷின் ஓய்ந்த பிறகு போங்கள். தண்ணீர் கேட்டால் கொடுங்கள், செட்டுக்கு முதல் தேவை அதுதான். வேலை நடக்கும்போது மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரையும் விடாதீர்கள். மெஷின் பிடித்திருப்பவரைப் பின்னாலிருந்து தொடவே தொடாதீர்கள், முன்பக்கமாக வந்து கை காட்டுங்கள். அந்தக் குடும்பங்கள் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாமல் இருப்பதாகத் தெரிந்தால் தாலுகா அலுவலகத்திலோ கோட்டாட்சியரிடமோ சொல்லுங்கள், விசாரிக்க வேண்டியது அவர்கள் கடமை. நாய் குரைக்கிறது என்று கல்லை எடுக்காதீர்கள். சோறு வைப்பதென்றால் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வையுங்கள், வெளியாள் வைத்ததைத் தின்னக் கூடாது என்று சில செட்டில் பழக்கியிருப்பார்கள். முடிந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்து கொடுங்கள். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு எங்கே, எப்போது போடுகிறார்கள் என்பது தெரிவதில்லை. கூட்டிக்கொண்டு போக ஒருவர் இருந்தால் வேலையை நிறுத்திவிட்டாவது வருவார்கள்.