மெனியர் நோய்: காலோரிக்கில் குறை, விஹிட் நார்மல். எது சரி?

“மெனியர் நோய். காலோரிக் டெஸ்டில் வலது காது 40 சதவீதம் வீக், விஹிட் நார்மல். எந்த ரிப்போர்ட் தப்பு?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். உட்காதில் திரவம் மிகுந்து தலைசுற்றல் வரும் மெனியரில் இப்படி வருவது சகஜம்.

இரண்டு டெஸ்டும் உட்காதில் தலைத் திருப்பத்தை உணரும் கிடைமட்ட அரைவட்டக் குழாயைத்தான் சோதிக்கின்றன, வேகம்தான் வேறு. காலோரிக்கில் காதுக்குள் 30 டிகிரி, 44 டிகிரி செல்சியஸ் தண்ணீரை 30 விநாடி விட்டால் உட்காதுத் திரவம் மிக மெதுவாக நகரும்; அதனால் வரும் கண்துடிப்பை அளப்பார்கள். அவ்வளவு மெதுவாக யாரும் தலையைத் திருப்புவதில்லை. விஹிட்டில் (vHIT) கேமரா பொருத்திய கண்ணாடியை மாட்டி, சோதிப்பவர் உங்கள் தலையை வெடுக்கென்று திருப்பிக் கண் அசைவைப் பார்ப்பார்; திருப்பம் 10 முதல் 20 டிகிரிதான், ஆனால் வேகம் விநாடிக்கு 150 டிகிரியைத் தாண்ட வேண்டும். மெனியரில் சவ்வுக் குழாய் வீங்குவதால், சூட்டில் எழும் நீரோட்டம் அதற்குள்ளேயே சுழன்று வீணாகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. வெடுக்கென்று திருப்பும்போது அந்த இழப்பு இல்லை.

ஆனால் அந்த 40-ஐ அப்படியே நம்பிவிடாதீர்கள். இரண்டு காதுக்கும் குளிர்நீர், சூட்டுநீர் என்று எடுத்த நான்கு அளவுகளையும் கேட்டு வாங்குங்கள். வலது காதில் கண்துடிப்பு வேகம் (விநாடிக்கு டிகிரியில்) குளிர்நீருக்கு 8, சூட்டுநீருக்கு 10. இடதில் 20, 22 என்று வைத்துக்கொள்வோம். 42-இல் 18 போக 24; மொத்தம் 60-க்கு அது 40 சதவீதம். வலது காதுச் சூட்டுநீர் செவிப்பறையில் படாமல் காதுக்குழாய்ச் சுவரில் அடித்ததால்தான் அந்த 10 வந்தது, உண்மையில் 20 வந்திருக்க வேண்டும் என்றால் விடை 20 சதவீதம். 25-க்குள் என்பதால் பல லேப்களில் அது நார்மல்! ஒரே ஒரு அளவு கெட்டாலே ரிப்போர்ட் மாறிவிடும். சந்தேகம் வந்தால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி எடுப்பார்கள்.

காதழுக்கு, இரண்டு நீர்பாய்ச்சலுக்கு இடையே 5 நிமிடம்கூட விடாதது, தூக்கக் கலக்கம் இவையும் அளவைக் கெடுக்கும். கணக்குப் போடச் சொல்வதும் ஊர்ப் பெயர் கேட்பதும் உங்களை விழிப்பாக வைக்கத்தான். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் விடவே கூடாது. சின்னரிசின், ஸ்டெமெட்டில் போன்ற தலைசுற்றல் மாத்திரைகளை வழக்கமாக 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விஹிட்டிலும் ஏமாறலாம். கண்ணாடிப் பட்டை தளர்ந்திருந்தாலோ சோதிப்பவர் கை பட்டையில் பட்டாலோ கெயின் (தலை வேகத்துக்குக் கண் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்ற விகிதம்) பொய்யாக ஏறும். 0.8-க்கு மேல் என்ற எண்ணோடு நிற்காமல், கண் பின்தங்கித் தாவிப் பிடிக்கும் ‘சக்கேடு’ வரைபடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னால் தலைசுற்றலை அடக்க, அந்தக் காதின் சமநிலை உணர்வைக் குறைக்கும் ஜென்டாமைசின் ஊசியைக் காதுக்குள் போடும் பேச்சு வந்தால் இந்த விஹிட் ரிப்போர்ட் பயன்படும். ஊசிக்குப் பின் கெயின் எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிட முன்னளவு வேண்டும்.